செல்லைப் பெருகச் சொல்வது யார், நிறுத்தச் சொல்வது யார்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பத்தாவுக்கு ரத்தப் புற்றுநோயில் சிஎம்எல் என்ற வகை வந்திருக்கிறது. டாக்டர் இமாட்டினிப் மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லி, "செல்லைப் பெருகச் சொல்லும் சிக்னலை இது அடைத்துவிடும்" என்று விளக்கியிருக்கிறார். தம்பி கேட்பது மூன்று. அந்த சிக்னல் என்ன, அதை யார் யாருக்கு அனுப்புகிறார்கள்? நல்ல செல்லிலும் அது உண்டா? ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் மாத்திரையை ஏன் விடக் கூடாது?

நான் மருத்துவன் இல்லை தம்பி. காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செல் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். மருந்தின் அளவு, மாற்றம் இதற்கெல்லாம் டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகங்கள் சிக்னல் எப்படிக் கிளம்புகிறது என்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும். அது எப்படி அழிகிறது என்பதை நாலு வரியில் முடித்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செல்லுக்குள் வரும் ஒவ்வொரு கட்டளையும் வந்த சூட்டோடு அழிக்கப்பட்டாக வேண்டும். பல புற்றுநோய்கள் பிறப்பது அந்த அழிப்பு தவறும் இடத்தில்தான். அப்பத்தாவின் நோயும் அப்படிப் பிறந்ததுதான்.

நல்ல செல்லிலிருந்து தொடங்குவோம். அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலில் வெட்டு விழுகிறது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைகிறது. உறைவதற்காக அங்கே வந்து குவியும் தட்டணுக்கள் துவாரத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. தங்களுக்குள் சிறு சிறு பைகளில் வைத்திருக்கும் புரதங்களையும் அந்த இடத்தில் கொட்டுகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் பிடிஜிஎஃப். தட்டணுவிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி. பக்கத்தில் இருக்கும் செல்களுக்கு 'பெருகு' என்ற செய்தியைக் கொண்டுபோவது இந்த மாதிரிப் புரதங்கள்தான்.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. ஆய்வுக்கூடத்தில் தட்டில் செல் வளர்ப்பவர்கள் சீரம் ஊற்றித்தான் வளர்ப்பார்கள். ரத்தத்தை உறையவிட்டுக் கட்டியை நீக்கினால் மிஞ்சும் தெளிந்த நீர் சீரம். உறையவிடாமலே அணுக்களைப் பிரித்து எடுத்துவிட்டால் அது பிளாஸ்மா. சத்து என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சீரத்தில் இருந்த செல்கள் பெருகின. பிளாஸ்மாவில் இருந்தவை உயிரோடு இருந்தனவே தவிர, சரியாகப் பெருகவில்லை. 1974-இல் அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த ரஸ்ஸல் ராஸ் குழுவினர் இதற்குக் காரணத்தைக் காட்டினார்கள். உறையும்போது தட்டணுக்கள் திறந்து கொட்டும் பொருள் சீரத்தில் இருக்கிறது, பிளாஸ்மாவில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சோதனை சொல்லும் சேதி பெரியது. தோசை மாவில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மாவும் வெதுவெதுப்பும் கிடைத்தால் போதும், பெருகிக்கொண்டே போகும். நம் உடம்பின் செல் அப்படி இல்லை. எவ்வளவு சத்து கிடைத்தாலும் அனுமதி வரும்வரை காத்திருக்கும். அந்த அனுமதி மற்ற செல்களிடமிருந்து வர வேண்டும். கோடிக்கணக்கான செல்கள் ஒரே உடம்பில் சேர்ந்து வாழ இதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்படிப்பட்ட காரணிகள் பல இருக்கின்றன. ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். வழக்கமான நாளுக்கு முன்பே குட்டிகளின் கண் இமை திறந்தது. அதுதான் ஈஜிஎஃப், 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இதற்காக அவருக்கும், நரம்பை வளர்க்கும் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்தக் காரணி செல்லுக்குள் புகுந்து உட்கருவுக்குப் போய்க் கட்டளை இடுகிறதா? இல்லை. வேலை நடப்பதற்கு அது உள்ளே வரவே தேவையில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளில் வெளியூர் ஆள் வந்தால் முகப்பிலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் கொண்டுவந்த சேதி மட்டும் ஆள் மாறி ஆள் மாறி வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, அடுப்படி வரைக்கும் போய்ச் சேரும். உள்ளே சமைப்பவர்கள் வந்தவரின் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். செல்லிலும் நடப்பது அப்படித்தான். செல்லின் சவ்வில் ஏற்பி என்ற புரதம் குறுக்கே செருகி நிற்கிறது. ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. காரணி வெளி முனையைத் தொட்டதும் இரண்டு ஏற்பிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து ஜோடி சேருகின்றன. உள்ளே இருக்கும் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கின்றன. சேதி உள்ளே வந்துவிட்டது.

பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த சின்னத் துணுக்கு. எதிர்மின்னூட்டம் கொண்டது. அது ஒரு புரதத்தில் ஒட்டினால் புரதத்தின் மடிப்பு மாறும், அல்லது இன்னொரு புரதம் வந்து பிடித்துக்கொள்ள இடம் உண்டாகும். இவ்வளவு சின்ன மாற்றத்தை வைத்துத்தான் செல் தன் பெரும்பாலான முடிவுகளை எடுக்கிறது. ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். பிய்த்தெடுக்கிற நொதி பாஸ்படேஸ். மனித மரபணுத் தொகுப்பில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. ஒட்டுவதும் பிய்ப்பதுமான இந்த முறையை 1950-களில் தசையில் கண்டவர்கள் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒட்டுவதற்கான பாஸ்பேட் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டார். அதே வழியில் போய் 1929-இல் இருவரும் ஏடிபியைக் கண்டார்கள். அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டார். பின்னாளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் முதன்முதலாகப் பயன்படுத்திய அமினோப்டெரின் மருந்தும் சுப்பாராவ் தலைமையில் இருந்த குழுவிலிருந்து போனதுதான். சென்னையில் படித்த ஒருவர் இந்தக் கதையின் இரண்டு முனைகளிலும் நிற்கிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏற்பிகள் பாஸ்பேட்டை ஒட்டுவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல். இப்படி ஒரு ஒட்டு இருப்பதே 1979 வரை தெரியாது. டோனி ஹண்டர் என்பவர் கலிஃபோர்னியாவில் சால்க் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களைப் பிரிக்க அவர் பயன்படுத்திய கரைசல் பழையது. அதன் அமிலத்தன்மை கொஞ்சம் மாறிப்போயிருந்தது. புதுக் கரைசலில் திரியோனினோடு ஒட்டிக்கொண்டே ஓடி மறைந்திருக்கும் ஒரு புள்ளி, பழைய கரைசலில் தனியாகப் பிரிந்து நின்றது. அதுதான் பாஸ்பேட் ஏறிய டைரோசின். சாதாரண செல்லில் புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் மிகக் குறைவு. கோழிக்குப் புற்றுநோய் தரும் ரூஸ் வைரஸ் தாக்கிய செல்லில் பார்த்தால் அது பல மடங்கு கூடியிருந்தது. நல்ல செல்லில் ஏன் இவ்வளவு குறைவு? ஒட்டின உடனே பாஸ்படேஸ் பிய்த்துவிடுகிறது. நான் முதலில் சொன்ன அழிப்பு இதுதான்.

ஏற்பியிலிருந்து சேதி எப்படி நகர்கிறது? பாஸ்பேட் ஒட்டிய டைரோசினை ஜிஆர்பி2 என்ற புரதம் வந்து பிடிக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு எஸ்ஓஎஸ் என்ற புரதம் வருகிறது. அது சவ்வின் உட்பக்கம் இருக்கும் ராஸ் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. ராஸ் எப்போதும் குவானோசின் சேர்ந்த ஒரு மூலக்கூறைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் இரண்டு பாஸ்பேட் இருந்தால் ராஸ் தூங்குகிறது. மூன்று இருந்தால் விழித்திருக்கிறது. எஸ்ஓஎஸ் செய்வது இரண்டு உள்ளதைக் கீழே விழச்செய்து மூன்று உள்ளதை ஏற விடுவது. விழித்த ராஸ் மூன்றாவது பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டுத் திரும்பத் தூங்க வேண்டும். ஆனால் தனியாக விட்டால் அந்த வேலையை மிக மெதுவாகச் செய்யும், பல நிமிடம் எடுக்கும். அதனால் வேறு ஒரு வகைப் புரதம் வந்து ஒரு அர்ஜினினை உள்ளே நீட்டி வெட்டை முடித்துவைக்கிறது. இந்த உதவியால் வேகம் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது.

1982-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்லை ஆராய்ந்து ஒரு விடையைக் கண்டன. ராஸ் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். அந்தச் செல்லில் வாலின் இருந்தது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. கிளைசின் எல்லா அமினோ அமிலங்களிலும் சின்னது. அந்த இடத்தில் அதைவிடப் பெரியது எது வந்தாலும் உதவிக்கு வரும் அர்ஜினின் உள்ளே நுழைய முடியாது. வெட்டு நடக்காது. ராஸ் விழித்தேயிருக்கும். வெளியே வளர்ச்சிக் காரணி வந்ததோ இல்லையோ, உள்ளே 'பெருகு, பெருகு' என்ற சேதி ஓயாமல் போகும். கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு ராஸ் குடும்பத்தின் கேராஸ் மரபணுவில் கோளாறு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள் தம்பி. இதில் சிக்னலைக் கிளப்பும் பாகம் எதுவும் கெடவில்லை. கெட்டது நிறுத்தும் பாகம்.

ராஸுக்கு அப்புறம் ராஃப், மெக், எர்க் என்று மூன்று கைனேஸ்கள். ஒன்று அடுத்ததன் மேல் பாஸ்பேட் ஒட்டும். கடைசியில் எர்க் உட்கருவுக்குள் போய், மரபணுக்களைப் படிக்கவைக்கும் புரதங்களை எழுப்புகிறது. ஃபாஸ் போன்ற மரபணுக்கள் சில நிமிடங்களிலேயே வேலையில் இறங்கும். மைக், சைக்ளின் டி எல்லாம் அடுத்தடுத்து வரும்.

இதில் எனக்கு வியப்பான இடம் ஒன்று உண்டு. பிசி12 என்ற எலி செல் வகையில் ஈஜிஎஃப் கொடுத்தால் எர்க் கொஞ்ச நேரம் எழுந்து அடங்கிவிடும். செல் பெருகும். அதே செல்லுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் அதே எர்க் மணிக்கணக்கில் விழித்திருக்கும். அப்போது செல் பெருகுவதை நிறுத்தி, கிளைகள் விட்டு நரம்பு செல் போல மாறிவிடும். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் வழி ஒன்றுதான். எப்போது அழிக்கப்பட்டது என்பதில்தான் வேற்றுமை. சிக்னலின் கால அளவே ஒரு தகவல் என்றால், அழிப்பவருக்கும் அந்தச் சேதியில் சம பங்கு இருக்கிறது.

அழிப்பதற்குச் செல் ஒரே வழியை நம்பியிருப்பதும் இல்லை. காரணி வந்து தொட்ட ஏற்பியைச் செல் சவ்வோடு உள்ளே இழுத்து, லைசோசோமுக்கு அனுப்பிச் செரித்துவிடுகிறது. எர்க் எழுப்பிவிடும் மரபணுக்களில் சில, எர்க்கின் பாஸ்பேட்டைப் பிய்க்கும் பாஸ்படேஸைத் தயாரிப்பவை. அதாவது தன்னை அடக்கப்போகும் ஆளை எர்க் தானே கூப்பிட்டுக்கொள்கிறது.

இதுவரை பெருகுவதைப் பற்றிச் சொன்னேன். வளர்வது வேறு விஷயம். ஒரு செல் பெரிதாக ஆவது வளர்ச்சி; இரண்டாக ஆவது பிரிவு. கருவுற்ற முட்டை முதல் சில நாட்களில் வளராமலே பிரிந்துகொண்டு போகும்; செல்கள் சின்னதாகிக்கொண்டே வரும். நரம்பு செல்லோ பிரியாமலே நீளும். பெரும்பாலான செல்கள் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பாதியாகச் சுருங்கிப்போகும். வளர்ச்சியைக் கவனிக்கும் முக்கியப் புரதம் எம்டார்.

எம்டாரைக் கண்டுபிடிக்க வழி காட்டியது மண். 1964-இல் பசிபிக் கடலில் இருக்கும் ராபா நூயி தீவுக்கு, ஈஸ்டர் தீவு என்பார்களே அதற்கு, கனடாவிலிருந்து ஒரு குழு போய் மண் எடுத்து வந்தது. அதில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா ஒரு பொருளைச் சுரந்தது. கோடை கழிந்து முதல் மழை விழுந்ததும் நம் செம்மண் காட்டில் ஒரு மணம் கிளம்புமே, அதைத் தருவதும் பெரும்பாலும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துப் பாக்டீரியாக்கள்தான். தீவின் பெயரை வைத்து அந்தப் பொருளுக்கு ராபமைசின் என்று பெயரிட்டார்கள். மொண்ட்ரியாலில் அதைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுரேந்திர நாத் சேகல். 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தை மூடியபோது, அந்த உயிரியைத் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டு ஃப்ரீஸரில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது. 1991-இல் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியில் ராபமைசின் எதைப் பிடிக்கிறது என்று பார்த்து டார் மரபணுக்களைக் கண்டார்கள். பாலூட்டிகளில் இருப்பதுதான் எம்டார்.

எம்டார் ஒரே நேரத்தில் பல விஷயங்களைப் பார்க்கிறது. லியூசின் போன்ற அமினோ அமிலங்கள் போதுமா, ஏடிபி குறைந்திருக்கிறதா, வெளியிலிருந்து இன்சுலினும் வளர்ச்சிக் காரணியும் வந்தனவா. எல்லாம் கூடிவந்தால் ரைபோசோம்களையும் புரதங்களையும் நிறையத் தயாரிக்கச் சொல்லும். சத்து குறைந்தால் அடங்கிவிடும். செல் தன் பழைய பாகங்களையே கரைத்துச் சமாளிக்கும். ஏற்பியிலிருந்து எம்டாருக்குப் போகும் வழியில், சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறின் மேல் மூன்றாவது பாஸ்பேட்டை ஒட்டும் கைனேஸ் ஒன்று உண்டு. அதைப் பிய்ப்பது பிடென் என்ற பாஸ்படேஸ். 1997-இல் கண்டுபிடித்தார்கள். கருப்பை உட்சுவர், மூளை, புராஸ்டேட் புற்றுநோய்களில் அடிக்கடி தொலைந்துபோகும் மரபணு அது. பாருங்கள், இங்கேயும் தொலைவது பிய்ப்பவர்தான்.

இனி பிரிவு. செல் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்து, பிறகு இரண்டாகப் பிரிய வேண்டும். நகலெடுக்கத் தொடங்கும் முன் ஒரு புள்ளி உண்டு. ஆர்தர் பார்டி 1974-இல் எழுதியது. அதற்கு முன்னால் வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்டால் செல் பின்வாங்கிவிடும். அதைத் தாண்டிவிட்டால் காரணி இல்லாவிட்டாலும் பிரிவை முடித்தே தீரும். அந்த இடத்தில் காவல் இருப்பது ஆர்பி என்ற புரதம். டிஎன்ஏ நகலெடுக்கத் தேவையான மரபணுக்களை அது அமுக்கிப் பிடித்திருக்கிறது. எர்க்கும் எம்டாரும் உண்டாக்கிவிட்ட சைக்ளின் டி, இரண்டு கைனேஸ்களோடு சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டை ஒட்டத் தொடங்கும். ஆர்பி பிடியை விடும். வெளியே வந்த சேதி இங்கேதான் முடிவாக மாறுகிறது. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயில் ஆர்பியின் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்கும்.

சைக்ளினைக் கண்டது 1982 கோடையில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில். டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற புரதங்கள் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் கூடிக்கூடி, செல் பிரியும் சமயத்தில் திடீரென்று காணாமல் போனது. அடுத்த சுற்றில் மறுபடி கூடியது, மறுபடி மறைந்தது. புரதம் இப்படி வேண்டுமென்றே அழிக்கப்படுவது அன்றைக்கு எதிர்பாராத விஷயம். பிறகு தெரிந்தது: அந்த அழிவு நடக்காவிட்டால் செல் பிரிவிலிருந்து வெளியே வரவே முடியாது. ஈஸ்டில் இதே சக்கரத்தைப் படித்த லீலாண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவரோடும் ஹண்டுக்கு 2001-இல் நோபல் கிடைத்தது. சைக்ளினை அழிக்க அதன் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தைத் தொடராக ஒட்டுகிறார்கள். அந்த முறையைக் கண்டவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல்.

டிஎன்ஏவில் உடைவு இருந்தால் பி53 என்ற புரதம் கூடி, சக்கரத்தை நிறுத்தி, சரிசெய்ய நேரம் வாங்கிக்கொடுக்கும். சரிசெய்ய முடியாத அளவு சேதம் என்றால் செல்லைச் சாகவே சொல்லும். இதைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம். இங்கே இது போதும்.

விரல் காயத்துக்கு வருவோம். தோல் செல்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சந்தித்ததும் நின்றுவிடுகின்றனவே, எப்படி? பக்கத்துச் செல் நெருக்கிப் பிடிக்கும்போது ஹிப்போ என்று பெயரிட்ட ஒரு கைனேஸ் வரிசை விழிக்கிறது. இது பெருகச் சொல்வதற்கு எதிரான வரிசை. அதன் கடைசிக் கைனேஸ், மரபணுக்களைப் பெருக எழுப்பும் யாப் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியே நிறுத்திவிடும். ஒட்டு என்றால் எப்போதும் 'கிளம்பு' என்று பொருள் இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். எலியின் ஈரலில் யாப்பை ஓயாமல் வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக இருக்க வேண்டிய ஈரல் கால் பங்காக வீங்கியது. வெட்டிய ஈரல் பத்து நாளுக்குள் பழைய அளவுக்கு வளர்ந்து சரியாக அங்கேயே நிற்கும் என்பது எலியில் 1931-லிருந்தே தெரியும். நிற்க வைப்பவர்களில் ஹிப்போவும் ஒருவர் என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது.

இப்போது அப்பத்தாவின் நோய்.

ஏபிஎல் என்பது எல்லோருடைய செல்லிலும் இருக்கும் ஒரு டைரோசின் கைனேஸ். சும்மா இருக்கும்போது அது தன்னைத் தானே பூட்டி வைத்திருக்கும். அதன் தலைப்பக்கத்தில் ஒரு கொழுப்பு அமிலம் தொங்குகிறது. அது மடங்கி வந்து அந்தப் புரதத்திலேயே இருக்கும் ஒரு குழியில் செருகிக்கொள்ளும். அப்போது கைனேஸ் அடங்கியிருக்கும். சிஎம்எல்லில் எலும்பு மஜ்ஜையின் ஒரு தாய் செல்லில் 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் சுருங்கிப்போன 22-ஆவது குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல்லும் ஹங்கர்ஃபோர்டும் கண்டார்கள். அதனால் பிலடெல்பியா குரோமோசோம் என்ற பெயர். அது இடம் மாறி ஒட்டியதால் வந்தது என்று 1973-இல் காட்டியவர் ஜேனட் ரௌலி. ஒட்டிய இடத்தில் பிசிஆர் (BCR) என்ற மரபணுவின் முன்பாதியும் ஏபிஎல்லின் பின்பாதியும் சேர்ந்து ஒரு கலப்புப் புரதம் உண்டாகிறது. பூட்டுப்போடும் அந்தத் தலைப்பகுதி போயே போய்விட்டது. போதாததற்கு, பிசிஆர் பாதி இந்தப் புரதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள வைக்கிறது.

முகப்பில் யாரும் வராமலே அடுப்படிக்குச் சேதி போய்க்கொண்டிருக்கிறது. ராஸ் விழித்திருக்கிறது, எம்டார் வழி திறந்திருக்கிறது, வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. உங்கள் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் விடை இதுதான் தம்பி. நல்ல செல்லில் அந்த சிக்னலை வேறு செல்கள் அனுப்புகின்றன, வந்ததும் அழிகிறது. நோயுற்ற செல்லில் அனுப்புநர் இல்லை, அழிப்பும் இல்லை.

இமாட்டினிப் என்ன செய்கிறது? கைனேஸ் வேலை செய்ய ஏடிபி உட்காரும் ஒரு பள்ளம் வேண்டும். ஏபிஎல் அடங்கிய வடிவத்தில் இருக்கும்போது இமாட்டினிப் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, அந்த வடிவத்திலேயே அதை நிறுத்திவிடும். ஏடிபி உட்கார இடமில்லை, ஒட்டப் பாஸ்பேட் இல்லை, சேதி போகாது. நிக்கோலஸ் லைடன் தொழில் தரப்பிலும், பிரையன் டிரக்கர் மருத்துவத் தரப்பிலும் இருந்து இதைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய ஆய்வில் இமாட்டினிப் தொடங்கியவர்களில் பத்து வருடம் கழிந்தும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்பு இந்த நோய்க்குச் சில வருடங்களே கணக்கு.

இந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. இதன் படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு நடந்து, 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் போன மருந்தை இந்தியக் கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தர முடிந்தது இதனால்தான். அப்பத்தா போன்றவர்கள் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி. எண்ணிக்கை சரியாகிவிட்டால் ஏன் தொடர வேண்டும்? மாத்திரை கலப்புப் புரதத்தை அடக்குகிறதே தவிர, அதை உண்டாக்கும் மரபணுவை மாற்றுவதில்லை. பெருகிய வெள்ளணுக்கள் குறைந்துவிடும், ஆனால் மஜ்ஜையில் சில தாய் செல்கள் ஒதுங்கிக் கிடக்கும். அவை இமாட்டினிப்புக்கு எளிதில் சாவதில்லை. மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். அதனால்தான் தினமும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அளவு இறங்கும் நேரங்களில் கைனேஸ் விழிக்கும், செல்கள் பெருகும். பெருகும்போது ஏபிஎல்லின் பள்ளத்திலேயே எழுத்து மாறி, மருந்து உட்கார முடியாத செல்கள் வரவும் வாய்ப்பு கூடும். 315-ஆவது இடத்தில் திரியோனின் போய் ஐசோலியூசின் வருவது அப்படிப்பட்ட மாற்றம்; அதற்கு இமாட்டினிப் பயன்படாது.

அப்படி ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. பல மாற்றங்களுக்கு டாசாட்டினிப், நிலோட்டினிப் உதவும்; 315-ஆவது இடத்து மாற்றத்துக்கு அவையும் பயன்படா, அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் அசிமினிப் எனக்கு மிகவும் பிடித்தது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஏடிபி பள்ளத்துக்குப் போகவே இல்லை. தொலைந்துபோன கொழுப்பு அமிலம் செருக வேண்டிய பழைய குழியில் போய் உட்காருகிறது. இயற்கை வைத்திருந்த பூட்டையே திரும்பப் போடுகிறது. அதே வருடம் நுரையீரல் புற்றுநோய்க்கு வந்த சொட்டோராசிப் என்ற மருந்தும் இந்த எண்ணத்தில் வந்ததுதான். 12-ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்த கேராஸைத் தூங்கும் நிலையிலேயே பிடித்து வைக்கிறது. மருந்து செய்பவர்கள் அழிக்கும் பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிறைய நம்பிக்கை.

வீட்டில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு சாப்பிடுவது வழக்கம்; வெறும் வயிற்றில் குமட்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கால் தசைப் பிடிப்பு வரலாம். வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பத்தா வேறு மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொருட்கள் ஈரலில் இந்த மருந்து கரையும் வேகத்தை மாற்றிவிடும்.

நோய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது ரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தெரியாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்த பரிசோதனையின் வகையிலேயே, ரத்தத்தில் கலப்பு மரபணுவின் நகல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது வழக்கம். பிரான்சில் நடந்த ஒரு ஆய்வில், இரண்டு வருடத்துக்கு மேல் இந்த நகல் கண்ணுக்கே படாத நிலையில் இருந்தவர்கள் டாக்டர் கண்காணிப்பில் இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து நூற்றில் ஏறக்குறைய 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களும் மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கினார்கள். அப்பத்தாவுக்கு அந்த நிலை வந்திருக்கிறதா என்பதை ரிப்போர்ட்டில் அந்த எண் எவ்வளவு, எத்தனை காலமாக அப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போய், இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்.